ஸ்கேனில் ஒன்றுமில்லை; பிறகு ஏன் ரத்தப் பரிசோதனை?

கேள்வி: எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். மகனுக்கு நான்கரை வயது. நாலைந்து சொற்கள்தான் பேசுகிறான், கைகளை உதறுகிறான், முகம் பார்ப்பதில்லை. ஆனித் தேருக்கு அழைத்துப் போனபோது காதைப் பொத்திக்கொண்டு அலறிவிட்டான். மூளை ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தது. மருத்துவரோ, ஃப்ரஜைல் எக்ஸ் என்ற பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம், அதில் மூளை அமைப்பே வேறுபடும் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். தாய்மாமனைக் கட்டியதால் வந்த வினை என்கிறார்கள் வீட்டில். இதற்கிடையே என் அப்பாவுக்கும் 65 வயதில் கை நடுக்கம். டீ டம்ளர் நிற்கவில்லை, நடையும் தள்ளாடுகிறது. எதைத்தான் நம்புவது?

பதில்: ஸ்கேன், மருத்துவர் சொன்னது, இரண்டையும் நம்பலாம், அம்மா. இந்தக் குறைபாடுள்ள பல பிள்ளைகளின் ஸ்கேன்களை மற்றப் பிள்ளைகளின் ஸ்கேன்களோடு அளந்து ஒப்பிட்டார்கள். மூளையின் ஆழத்தில் உள்ள காடேட் என்ற பகுதி பெரிதாகவும், சிறுமூளையின் நடுப்பகுதி சற்றுச் சிறிதாகவும் இருந்தன. ஆனால் அது சராசரிக் கணக்கு. ஒரு பிள்ளையின் படத்தை மட்டும் வைத்து இந்நோயைக் கண்டுபிடிக்கவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது.

உண்மையான கோளாறு இன்னும் நுண்ணியது. நரம்புச் செல்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் சிறு முளைகள் உண்டு. அங்கே புரத உற்பத்தியை அளவோடு நிறுத்திவைக்க, வாய்க்கால் மடைக்குப் பலகை போல, ஒரு புரதம் வேலை செய்கிறது. அது இல்லாவிட்டால் மடை திறந்தே கிடக்கும். முளைகள் நீண்டு மெலிந்து, முதிராமல் நிற்கும். பாபநாசம் மலைமேல் நின்று பார்த்தால் வயல் பச்சையாகத்தான் தெரியும். பயிர் தூர் கட்டியிருக்கிறதா என்பதை வரப்பில் இறங்கித்தானே பார்க்க வேண்டும்?

அப்படி இறங்கிப் பார்ப்பதுதான் ரத்தப் பரிசோதனை. 1991-இல் கண்டறியப்பட்ட எஃப்எம்ஆர்1 மரபணுவில் ஒரு மூன்றெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. பொதுவாக 44 தடவைக்குள் இருக்கும். 200-ஐத் தாண்டினால் மரபணு அடைபட்டு, அந்தப் புரதம் உருவாவது நின்றுவிடும். 55 முதல் 200 வரை உள்ளவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள், ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கடத்தக்கூடும்.

தாய்மாமன் பேச்சை விட்டுவிடுங்கள். இந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில்; ஆண் பிள்ளைக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அசலில் கட்டியிருந்தாலும் இதே கதைதான்.

கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த டீ டம்ளர். இம்மரபணுவில் 55 முதல் 200 வரை உள்ள, கடத்தும் ஆண்கள் சிலருக்கு 50 வயதுக்குமேல் கை நடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வரும். அதனால்தான் அப்பாவுக்கு வந்தது என்று இப்போதே முடிவு கட்டக் கூடாது. நடுக்கத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் பேரனின் முடிவு உறுதியானால், தாத்தாவைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தந்தை கடத்துபவராக இருந்தால் மகள்கள் எல்லோருக்கும் அது போய்ச்சேரும். உங்களுக்குத் தங்கை இருந்தால், அவர் பிள்ளை பெறுவதற்கு முன் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இதை அடியோடு மாற்றும் மருந்து இன்று இல்லை. அதற்காகவோ முடிவுக்காகவோ காத்திருக்காமல், பேச்சுப் பயிற்சியையும் அன்றாட வேலைகளைப் பழக்கும் செயல்முறைப் பயிற்சியையும் இப்போதே தொடங்குங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். இப்பிள்ளைகளுக்குக் காதில் சீழ் அடிக்கடி வரும் என்பதால் கேட்கும் திறனையும் சோதியுங்கள். சொல்லிக் கொடுப்பதைவிடப் படம் காட்டினால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். தேரை அடுத்த ஆண்டு கூட்டம் கலைந்த பிறகு, நிலைக்கு வந்து நிற்கும்போது காட்டுங்கள்.