ஒப்பரேட்டர் பதில்கள்

இம்மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஜேம்ஸ் பொண்ட். ஏதோ தொலைக்காட்சியில் பழைய படங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள் போலும். ஹட்டனில் ஒரு தியேட்டரின் புரொஜெக்டர் அறையில் பதினேழு வருடம் கார்பன் குச்சி மாற்றியவன் நான். கேளுங்கள், சொல்கிறேன்.

ஷோன் கொனரி பெரிய இடத்துப் பிள்ளை என்கிறார் தாத்தா. உண்மையா?
வாசகர், பொகவந்தலாவை

தாத்தாவைக் கோபிக்காதீர்கள். படத்தில் அந்தக் கோட் சூட்டையும் நடையையும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பொண்டாக நடித்த கொனரி 1930இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். இரண்டே அறை, கழிவறை பல குடும்பங்களுக்குப் பொது. தொட்டிலுக்கு வசதியில்லாமல் அலுமாரியின் கீழ் இழுப்பறையில் படுக்க வைத்து வளர்த்தார்களாம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவனுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பால் வண்டியில் போனார். பதினாறு வயதில் கடற்படை. வயிற்றுப்புண் வந்து திருப்பி அனுப்பினார்கள். பிறகு லொறி ஓட்டினார், சவப்பெட்டிக்குப் பொலிஷ் போட்டார், ஓவியக் கல்லூரி மாணவர்கள் பார்த்து வரைய அசையாமல் நின்று காசு வாங்கினார். கடற்படையில் கையில் குத்திய பச்சை ‘அம்மா, அப்பா’. முதல் பொண்ட் படமான ‘டொக்டர் நோ’ 1962இல் வந்தபோதே தலைமுடி குறைந்துவிட்டதால், அத்தனை பொண்ட் படங்களிலும் டோப்பாதான். ஒஸ்கார் வாங்கித் தந்தது பொண்ட் இல்லை, ‘த அண்டச்சபிள்ஸ்’ படத்தில் வந்த வயதான பொலிஸ்காரன் வேடம்.

இன்னொன்று. நானுஓயாப் பக்கம் எடின்பரோ என்றே ஒரு தோட்டம் இருக்கிறது. அந்த ஊர்த் துரைமார் இங்கே வந்து தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். அதே ஊரில் இப்படியும் வீடுகள் இருந்ததை நமக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரே படத்தோடு காணாமல் போன பொண்ட் யார்? ஏன்?
வாசகர், மஸ்கெலியா

ஜோர்ஜ் லேசன்பி, அவுஸ்திரேலியர். கார் விற்றவர், விளம்பரங்களுக்குப் போஸ் கொடுத்தவர். நடிப்பில் அனுபவம் கிடையாது. ஆனால் துணிச்சலைப் பாருங்கள்: கொனரி முடி வெட்டும் கடைக்கே போய் முடி வெட்டி, அவர் தையற்காரரிடம் வாங்காமல் விட்ட கோட் சூட்டையே விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு போய் நின்றார். நடித்திருக்கிறேன் என்று பொய்யும் சொன்னார். 1969இல் படம் வந்தது. தொடர்ந்து நடிக்க ஒப்பந்தம் நீட்டினார்கள். இந்த மாதிரிப் படங்களின் காலம் முடிந்துவிட்டது என்று அவருடைய ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு மறுத்துவிட்டு, முதல் காட்சிக்குத் தாடியும் நீண்ட முடியுமாக வந்தார். தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் ஒரு நாள் பேர் மட்டும் போட்டுக்கொண்டு போனவர் என்பேன். கல்யாணமான கையோடு பொண்டின் மனைவி சுடப்பட்டுச் சாகும் அந்தப் படத்தின் கடைசிக் காட்சி ஓடும்போது கொட்டகையில் ஒரு விசில் கேட்காது. இன்று பலர் அதைத்தான் நல்ல பொண்ட் படம் என்கிறார்கள்.

தமிழர் யாராவது நடித்திருக்கிறார்களா?
வாசகி, பண்டாரவளை

விஜய் அமிர்தராஜ், சென்னை டென்னிஸ் வீரர். 1983இல் வந்த ‘ஒக்டோபுசி’யில் ஓட்டோ ஓட்டுவார், அடியாட்களை டென்னிஸ் மட்டையால் வெளுப்பார். பாவம், பாதியிலேயே கொன்றுவிடுவார்கள்.

ரோஜர் மூர் சிரித்துக்கொண்டே நடித்தவர், ஆழமில்லை என்கிறேன். ஒப்புக்கொள்வீர்களா?
வாசகர், பதுளை

நடிப்பைப் பற்றியென்றால் ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். அவரே தன்னைக் கேலி செய்துகொண்டவர். பொண்டாக ஏழு படம் நடித்தார். அதில் கடைசிப் படம் 1985இல் வந்தபோது வயது 57. என் கணக்கில் இரண்டு படம் முன்பே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கேளுங்கள். 1991இல் யுனிசெப் நல்லெண்ணத் தூதரானார். அயோடின் குறைபாட்டை ஒழிக்கும் பிரசாரத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார், நிதி திரட்டினார். 2003இல் ‘சேர்’ பட்டம் கிடைத்தது இந்த மாதிரித் தொண்டுக்காகத்தான். என் அப்பாயிக்குக் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவில் கழலை இருந்தது. எங்கள் லயத்திலேயே மூன்று நான்கு பெண்களுக்கு இருந்தது. சாபம் என்று நினைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வார்கள். அயோடின் குறைவுதான் காரணம் என்று தோட்டத்து மருந்துக்காரர்கூட எங்களுக்குச் சொன்னதில்லை. நம் நாட்டில் 1995இல்தான் அயோடின் கலந்த உப்பு கட்டாயமானது. சுவிட்சர்லாந்தில் வீடு வைத்திருந்த ஒரு நடிகர் அந்த வயதில் உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தார் என்பதை நான் பிற்பாடு படித்தபோது, அவர் ஓட முடியாமல் ஓடிய காட்சிகளையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

உங்களுக்குப் பிடித்த பொண்ட்?
வாசகி, தலவாக்கலை

பொண்டே இல்லை, தங்கச்சி. ‘கியூ’வாக வரும் கிழவர், டெஸ்மண்ட் லூவெலின். உளவாளிக்குப் பேனா, கைக்கடிகாரம், கார் எல்லாம் செய்து கொடுத்துவிட்டு, திருப்பிக் கொண்டுவா என்று திட்டுவாரே, அவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிக்கி ஏறத்தாழ ஐந்து வருடம் சிறையிருந்தவர். 1963 முதல் 1999 வரை பதினேழு படம். கொனரி போனார், லேசன்பி போனார், மூர் போனார், டோல்டன் போனார், புரொஸ்னன் வந்தார். இவர் மட்டும் அதே மேசையில். பெரும்பாலான படங்களில் சில நிமிடம்தான். பெயர் பலருக்குத் தெரியாது, முகம் எல்லோருக்கும் தெரியும்.

அசல் வாழ்க்கையில் இயந்திரம் எதுவும் தனக்கு வராது என்று சிரிப்பாராம். 1999 டிசம்பரில், கடைசிப் படம் வெளியான சில வாரங்களில், கார் விபத்தில் போய்விட்டார். 85 வயது. அந்தக் கடைசிப் படத்தில் பொண்டுக்குப் புத்தி சொல்லிவிட்டுத் தரையோடு கீழே இறங்கி மறைவார். அந்தப் படத்தை நான் ஓட்டவில்லை. எங்கள் தியேட்டர் அதற்குள் மூடியாயிற்று. கசெட் வாங்கி வந்து வீட்டில் பார்த்தேன். அந்த இடத்தை மறுபடி பார்க்க ஆசை. பதினேழு வருடம் புரொஜெக்டர் ஓட்டியவனுக்கு வீடியோ பெட்டியில் எந்தப் பொத்தான் பின்னால் சுற்றும் என்று தெரியவில்லை. அடுப்படியில் இருந்த மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.