விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தைக்குப் போவது யார்?

கேள்வி: என் வயது 46, கணவருக்கு 51. கோலாலம்பூர் செந்தூலில் பதினோரு ஆண்டுகளாக வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். எனக்கு முடி கொட்டுகிறது, படபடப்பு, நெஞ்செரிச்சல், தலைவலி, தூக்கமே இல்லை. இணையத்தில் பார்த்தால் மூளைக்கட்டி என்று வருகிறது. கணவரும் முன்போல் இல்லை. எல்லார் முன்னாலும் எரிந்து விழுகிறார். படுத்த உடனே குறட்டை. என் பக்கம் திரும்பிப் படுத்தே மாதக்கணக்காகிறது. இணையத்தில் விற்கும் ஆண்களுக்கான கோப்பி வாங்கிக் கொடுத்தேன். நன்றாகத் தூங்கட்டும் என்று மூக்கொழுகலுக்கு வாங்கிய என் மஞ்சள் மாத்திரையில் பாதியும் கொடுக்கிறேன். போன வாரம் செலாயாங் சந்தைக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கில் தூங்கிவிட்டாராம். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துத்தான் விழித்தாராம். ஆள் வைக்கலாம் என்றால், வெளியாளை நம்ப முடியாது என்கிறார். என் மேல் வெறுப்பு வந்துவிட்டதா, டாக்டர்?

பதில்: அம்மா, மூளைக்கட்டியை விடுங்கள். கடையை அடைத்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்கி, ஆறு கோப்பி குடித்து, மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு சாப்பிடும் யாருக்கும் தலை வலிக்கும், நெஞ்சு எரியும். முடி கொட்டுவதற்கும் படபடப்புக்கும் இரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்க ஒரு இரத்தப் பரிசோதனை போதும். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட். உங்கள் பட்டியல் இத்துடன் முடிந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்தச் சிவப்பு விளக்குதான். கடிதத்தின் கடைசியில், ஏதோ வேடிக்கைபோல எழுதியிருக்கிறீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவர், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருக்கு ஈடாகத் தடுமாறுகிறார் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2020 முதல் நம் மலேசியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பும் அதுதான். உங்கள் கணவர் வாரம் முழுவதும் அந்த நிலையில்தான் ஈப்போ சாலையில் வேன் ஓட்டுகிறார். அதற்கும் மேலே நீங்கள் பாதி மாத்திரை வேறு கொடுக்கிறீர்கள்! அது மூக்கொழுகலுக்கும் அரிப்புக்கும் உள்ள மருந்து. இரவு பதினொன்றரைக்குக் கொடுத்தால் விடியற்காலை மூன்று மணிக்கும் அவர் இரத்தத்தில் அது இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதும் இருக்கும். இன்றோடு நிறுத்துங்கள். நீங்களும்தான்.

குறட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். சத்தம் திடீரென்று நின்று, பத்து இருபது விநாடி அமைதியாகி, பிறகு மூச்சுத் திணறியவர்போலத் துள்ளுகிறாரா? காலையில் வாய் உலர்ந்து, தலை கனக்கிறது என்கிறாரா? சட்டைக் காலர் 17 அங்குலத்தைத் தாண்டுகிறதா? இன்றிரவு கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும் நோய் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை அடைபடும்போதும் ஆக்சிஜன் குறைந்து மூளை உலுக்கி எழுப்பும். அவருக்கு அது நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்காதவர் மாதிரியே எழுவார். இரத்த அழுத்தம் ஏறும், கோபம் மூக்கின் நுனியில் நிற்கும், தாம்பத்திய ஆசையும் வற்றும். நீங்கள் வெறுப்பு என்று எண்ணுவதில் பாதி இதுவாக இருக்கலாம். தூக்கப் பரிசோதனை செய்து கண்டுபிடிக்கலாம், சிகிச்சையும் உண்டு. கோப்பியை அதற்குச் சிகிச்சை என்று யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பொட்டலங்களில் வீரிய மாத்திரையின் மருந்தை ஒளித்துக் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. 51 வயதில், இரத்த அழுத்தம் எவ்வளவு என்றே தெரியாத ஒருவருக்கு அதைக் கலக்கிக் கொடுக்க உங்களுக்கு எப்படித் துணிச்சல் வந்தது?

நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்றரை மணி நேரத் தூக்கத்தை எந்த மருந்தும் ஐந்தாக்காது. அங்கேதான் ஆள் வேண்டும். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. உங்கள் கணக்கு நூறைத் தாண்டுகிறது. கூலிக்கு ஒருவரை வைத்தால் வாரம் 45 மணி நேரம், ஒரு நாள் விடுப்பு என்று சட்டம் பேசும். முதலாளி முதலாளியம்மாவுக்கு அப்படி யாரும் பேசுவதில்லை.

ஆனால் யாரை வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கூட்டம் நெரியும் மதிய வேளைக்கு இலை போட ஒரு பையனைச் சேர்ப்பார்கள். தம்பதியின் தூக்கம் அப்படியே இருக்கும். திட்டுவதற்கு மூன்றாவதாக ஒருவர் கிடைப்பார், அவ்வளவுதான். தூக்கத்தைத் தின்னும் வேலை எதுவோ அதை முதலில் கைமாற்றுங்கள். உங்களுக்கு அது சந்தை. காய்கறியைக் கடைக்கே கொண்டுவந்து இறக்கும் வியாபாரிகள் செலாயாங்கில் உண்டு. மீனைக் கண்ணும் செவுளும் பார்த்துத் தானே வாங்கினால்தான் அவருக்குத் திருப்தி என்றால், வாரம் இரண்டு நாள் போகட்டும், வேறொருவர் ஓட்டட்டும். இரவில் பாத்திரம் கழுவிக் கதவடைக்க ஒருவர். கல்லாப்பெட்டி உங்கள் கையிலேயே இருக்கட்டும். அங்கே எந்த வெளியாளும் உட்கார வேண்டியதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், சேமநிதியும் சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதியும் சேர்த்தால் ஏறத்தாழ 2,000. நாளுக்கு 67 ரிங்கிட். அது உங்கள் லாபத்திலிருந்து போகும் பணம் என்பது எனக்கும் தெரியும். வேன் ஒருமுறை தூணில் மோதினால் எவ்வளவு ஆகும் என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. என் கிளினிக்கில் முதல் ஆறு ஆண்டுகள் மருந்து எடுத்துக் கொடுத்தது என் மனைவிதான். இரவுச் சோற்றில் கை வைக்கும்போது இருமல் மருந்து எத்தனை போத்தல் மிச்சம் என்று பேசுவோம். மிச்சம் குறைந்தால் சண்டை. ஒரு பெண்ணை வேலைக்கு வைத்த பிறகு, உண்மையைச் சொன்னால், முதல் மாதம் பேசுவதற்கு ஒன்றுமே இல்லாமல் திருதிருவென விழித்தோம். அந்த மாதம் உங்களுக்கும் வரும், பயப்படாதீர்கள். வெறுப்பா என்று கேட்டீர்கள். மூன்று வாரம் ஏழு மணி நேரம் தூங்கிய மனிதரிடம் அதைக் கேளுங்கள். இப்போது கேட்டால் பதில் சொல்வது அவராக இருக்காது.

நாளைய காய்கறிக்கு இன்று மாலையே வியாபாரியை அழைத்துச் சொல்லிவிடுங்கள். இந்த வாரத்துக்குள் கணவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். குறட்டைப் பதிவு, மாத்திரைப் பட்டை, அந்தக் கோப்பிப் பொட்டலம் மூன்றும் பையில் இருக்கட்டும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை வேன் சாவி உங்களிடம் இருக்க வேண்டும்.