குறுங்கவிதையும் குறியீடும்: கேள்வி பதில்

குறுங்கவிதை பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். வாழ்த்து அட்டைக்கு வரி கேட்டவர்கள் மன்னிக்கவும், அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

டீச்சர், ஹைக்கூ 5-7-5 அசையில்தான் இருக்க வேண்டுமா?

ஹைக்கூ ஜப்பானியர்களின் மூன்று வரிக் குறுங்கவிதை; 5-7-5 என்பது அந்த வரிகளின் அளவு. தமிழில் அது வேண்டியதில்லை. ஜப்பானியர் எண்ணுவது மிகச் சிறிய ஒலி அலகை. நம் யாப்பின் அசைகளான நேரசை, நிரையசையோடு அது பொருந்தாது. 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிய பாரதியாரைக் கவர்ந்ததும் எண்ணிக்கை அல்ல, வேண்டாத சொல் இல்லாத சுருக்கம்தான்.

நிலா என்றால் காதலி, காகம் என்றால் மரணம் என்பதுபோல குறியீட்டுப் பட்டியல் கிடைக்குமா?

பட்டியலை வைத்து எழுதாதீர்கள். ஜப்பானில் பருவச்சொல் அகராதிகள் உண்டு. ஆனால் அவை சொல்வது காலத்தை. தவளை வந்தால் வசந்தம், வெறுமனே நிலா என்றால் இலையுதிர்காலம். சங்கப் பாடல்களை நிலவாரியாகப் பிரிக்கும் நம் திணை மரபிலும் நிலமும் பொழுதும் பறவையும் சேர்ந்தேதான் வருகின்றன.

ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோவின் காகம் காய்ந்த கிளையில், இலையுதிர்கால அந்தியில் வந்து உட்கார்கிறது. அவ்வளவுதான் கவிதை. முதுமை, தனிமை, முடிவு எல்லாம் நமக்குத் தோன்றுகின்றன. ஆனால் அவர் அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. அவருடைய 1686ஆம் ஆண்டுத் தவளையும் அப்படித்தான். அதற்கு முன் கவிஞர்கள் தவளையின் குரலைத்தான் பாடினார்கள். இவர் அது குளத்தில் குதித்த சத்தத்தை எழுதினார். பொருளைச் சரியாகப் பாருங்கள், குறியீடு தானாக வரும்.

என் கவிதை: "உதிர்ந்த மாம்பூ / வாசலில் கோலம் / வாழ்க்கை இவ்வளவுதான்." எப்படி இருக்கிறது, அக்கா?

மூன்றாம் வரியை அடித்துவிடுங்கள். முதல் இரண்டு வரிகள் நன்றாக இருக்கின்றன. உதிர்ந்த பூ கோலத்தின் மேல் விழுந்ததா, பூவே கோலமானதா என்று நான் யோசிக்கத் தொடங்கும்போது நீங்கள் வந்து விளக்கம் சொல்லிவிட்டீர்கள். கடைசி வரியில் விளக்காதீர்கள். அந்த இடத்தில் யார் நடந்துபோனார்கள், துடைப்பம் எங்கே இருந்தது என்று பாருங்கள், வரி கிடைக்கும்.

லிமரைக்கூ எழுதுவது எப்படி?

லிமெரிக் என்ற ஆங்கில ஐந்து வரி நகைச்சுவைக் கவிதையையும் ஹைக்கூவையும் சேர்த்து அதை உருவாக்கியவர் ஈரோடு தமிழன்பன். அவரையே படியுங்கள்.

குறுந்தொகை 25இல் கபிலர் காட்டும் குருகு தலைவனுக்குக் குறியீடுதானே? குருகு மீனைப் பார்ப்பது, அவன் பெண்ணைப் பார்த்தது.

பாட்டு ஐந்தே வரி. திருமணம் தள்ளிப்போகிறது, தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அன்று யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றும் இருந்தது.

உங்கள் வாசிப்புக்கு இடமுண்டு. ஆனால் அங்கிருந்து தொடங்காதீர்கள். அவளுக்கு வேண்டியது சாட்சி. கிடைத்ததோ மீனைத் தவிர வேறெதையும் கவனிக்காத ஒரு பறவை. அந்தத் தவிப்பு முதலில் உறைக்க வேண்டும்.

வெறும் சாட்சி என்றால் "தினைத்தாள் அன்ன சிறு பசுங்கால்" எதற்கு? காலை எதற்கு வர்ணிக்க வேண்டும்? நீங்கள் குறியீட்டையே மறுக்கிறீர்கள்.

நல்ல கேள்வி. மறுக்கவில்லை. அவளுக்கு நினைவிருப்பது குருகின் கால். அப்படியென்றால் அன்று அவள் பார்வை எங்கே தாழ்ந்திருந்தது? அவள் நாணத்தைக் கபிலர் ஒரு காலை வைத்தே சொல்லிவிட்டார் என்று நான் வாசிக்கிறேன். உவமை தினையிலிருந்து வருவதையும் பாருங்கள். குறிஞ்சிப் பெண் காவல் இருப்பது தினைப்புனத்தில். கதிரை அறுத்துவிட்டால் காவலும் இல்லை, சந்திப்பும் இல்லை. இத்தனையும் அந்தக் காலுக்குள் இருக்கிறது. குருகு என்றால் தலைவன் என்று முடித்துவிட்டால் இதெல்லாம் கைநழுவிப் போகும்.

அப்படியானால் குறுந்தொகை 8இல் மாம்பழம், வாளை மீன்? அங்கே ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிறதே!

பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். வயலோர மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தைக் குளத்து வாளை கவ்வுகிறது. பேசுபவள் தலைவன் நாடிப் போகும் பரத்தை. அவனை நான் தேடிப் போகவில்லை, அவனாகவே வந்தான் என்கிறாள். தொல்காப்பியர் உள்ளுறை என்று சொல்வதற்கு, அதாவது இயற்கைக் காட்சிக்குள் மறைத்து வைத்த உவமைக்கு, நேரான உதாரணம். ஆனால் இங்கும் அந்த மரமும் குளமும் மருத நிலத்தில் நிஜமாகவே அருகருகே இருப்பவை. ஆலங்குடி வங்கனார் உவமைக்காக எங்கிருந்தோ மீனைக் கொண்டுவரவில்லை. அவர் எழுதியதை இப்படிப் பொருத்திப் படிக்கலாம். எழுதும்போது இப்படிப் பொருத்தத் தொடங்கினால் விடுகதைதான் வரும்.

5-7-5 கட்டாயமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

சென்ரியுவுக்கும் ஹைக்கூவுக்கும் வித்தியாசம்?

சென்ரியுவும் ஜப்பானிய மூன்று வரிக் கவிதைதான். அது மனிதரின் குணத்தைப் பிடிக்கும், பருவச்சொல் தேவையில்லை. தமிழில் ஹைக்கூ என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி சென்ரியுதான். அதில் குறைவொன்றும் இல்லை.

மேடம், 5-7-5 எண்ணாவிட்டால் அதை ஹைக்கூ என்று சொல்லலாமா?

சொல்லலாம். இனி எண்ணிக்கைக் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ஐங்குறுநூறு. 500 பாட்டு, எல்லாம் மூன்று முதல் ஆறு அடி. ஓரம்போகியாரின் மருதத்தில் களவன் பத்து என்று ஒரு பகுதி உண்டு. பாட்டுக்குப் பாட்டு நண்டு வரும், ஒவ்வொன்றிலும் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பத்தையும் ஒரே மூச்சில் படியுங்கள், உரையை அப்புறம் திறந்தால் போதும்.