ஏற்காட்டிலிருந்து காலையில் இறங்கி சேலத்தில் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ளலாமா?

செய்யலாம். ஆனால் முந்தின இரவே சேலத்தில் தங்கிவிடுங்கள். குடலைச் சுத்தமாக்கும் பேதி மருந்தின் இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு குடிக்கச் சொல்வார்கள். அந்த வயிற்றோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவது பெரிய அவஸ்தை.

கடைசியில் மலம் தெளிந்த மஞ்சள் நீராகப் போக வேண்டும். பழுப்பாகக் கலங்கிப் போனால் குடல் இன்னும் சுத்தமாகவில்லை. ஒட்டியிருக்கும் கசடுக்கடியில் சின்ன பாலிப் (குடல் சுவரில் வளரும் சதைத் திரட்சி) மறைந்துகொள்ளும், பிறகு எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும். கொய்யா, தக்காளியை 3 நாள் முன்பே விடுங்கள். விதைகள் கேமரா குழாயின் உறிஞ்சு துளையை அடைக்கும். முந்தின நாள் ஜவ்வரிசிக் கஞ்சிகூட வேண்டாம். இளநீர், பால் விடாத காப்பி குடிக்கலாம்.

இரும்புச்சத்து, சர்க்கரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மயக்க ஊசி போட்டால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஆள் அவசியம்.