முட்டை வச்ச கணக்கை வச்சு கறிக்கோழி வரத்தை எப்படி சொல்றாங்க?

மேலூர் பக்கம் ஷெட் வச்சிருக்கிற தம்பி கேட்டிருந்தாரு, குஞ்சு இறக்கறதுக்கு முன்னாடியே கோழி எப்ப எவ்வளவு வரும்னு கம்பெனிக்காரங்க எப்படி சொல்றாங்கன்னு. பெரிய வித்தை இல்லைங்க, நாள் கணக்குதான். முட்டை செட்டர்ல (அடைகாக்கிற மெஷின்) 18 நாள், அப்புறம் ஹேச்சருக்கு (குஞ்சு பொரிக்கிற மெஷின்) மாத்தி 3 நாள், ஆக 21 நாள்ல குஞ்சு, அதை ஷெட்டுல இறக்கி ஆறு வாரம் வளர்த்தா கறிக்கு ரெடி, மொத்தம் ஒன்பது வாரம். ஐப்பசி தீபாவளிக்கு மதுரை கறிக்கடையில தொங்கப்போற கோழி ஆவணியிலயே முட்டையா மெஷினுக்குள்ள இருக்கணும். புரட்டாசில நம்மாளுக பாதிப்பேரு கறி தொடமாட்டாங்க, அதுக்கும் முன்கூட்டியே முட்டையைக் குறைக்கணும்.

ஆனா வச்ச முட்டையெல்லாம் குஞ்சாகாது. 10,000 வச்சு 80% பொரிச்சா 8,000, அதுல 5% ஷெட்டுல செத்தா கைக்கு வர்றது 7,600. அதனால வச்சது, பொரிச்சது, இறக்கினதுன்னு மூணையும் தனித்தனியா எழுதணும், பொரிச்சதை மட்டும் பார்த்தா ஏமாந்துருவீங்க, நொண்டிக்குஞ்சைக் கழிச்சுட்டுத்தான வண்டியில ஏத்துறாங்க. அமெரிக்காவுல விவசாயத்துறையே வாராவாரம் முட்டைக் கணக்கையும் குஞ்சுக் கணக்கையும் வெளியிடுது.

நீங்க இறக்கற அன்னைக்கு குஞ்சுப் பெட்டியை எண்ணிட்டு அப்புறமா சீட்டுல கையெழுத்து போடுங்க.