ரீச்சரிடம் கேளுங்கள்: சாமுராய்ப் பாடமும் வட்ஸ்அப் குழுவும்

கேள்வி: பழைய யப்பானின் போர்வீரர்களான சாமுராய்களின் வரலாற்றுக்கென்று நண்பர்கள் 12 பேர் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம். இப்போது 200 பேர் இருக்கிறார்கள். பல்கலைக்கழக விரிவுரைகள், கட்டுரைகள், ஸ்கான் செய்த முழுப் புத்தகங்கள் எல்லாம் வருகின்றன. புத்தகம் போடுவது களவு என்கிறார் ஒருவர். அறிவைப் பூட்டி வைக்கலாமா என்கிறார் இன்னொருவர். குழுவின் அட்மின் நான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, புத்தகம் போடுகிறவரின் தவிப்பு எனக்குத் தெரியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரு வரலாற்று நூலைக் கொழும்பில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் விலையைப் பார்த்துவிட்டு அலுமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டியதுதான். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் நான் எத்தனையோ சனிக்கிழமைகள் நின்றிருக்கிறேன். ஆனாலும், உயிரோடு இருக்கும் ஒருவர் வருடக்கணக்காக உழைத்து எழுதிய நூலை முழுதாக ஸ்கான் செய்து 200 பேருக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். சட்டமும் ஏற்காது. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் போகும்வரை பதிப்புரிமை இருக்கிறது.

அதற்காகக் குழுவை மூடிவிடாதீர்கள். தாராளமாகப் பகிரக்கூடியவை நிறைய இருக்கின்றன. சாமுராய்களின் ஒழுக்க நெறியைப் பற்றி நிதோபே இனாசோ என்ற யப்பானியர் எழுதிய ‘புஷிடோ’ 1900இல் வந்த நூல், அவர் 1933இல் காலமானார், ஆகவே அது இன்று எல்லோருக்கும் பொது. மொங்கோலியப் படையெடுப்பைக் காட்டும் சித்திரச் சுருளை தாமஸ் கொன்லன் என்ற வரலாற்றுப் பேராசிரியர் மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறார். வசேதா பல்கலைக்கழகமும் யப்பானின் தேசிய நூலகமும் பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் திறந்துவிட்டிருக்கின்றன. ஆய்வுக் கட்டுரை வேண்டுமென்றால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் கட்டுரை வந்தது. ஒருவர் கொழும்பில் யார் இதை வாசிக்கிறார்கள் என்றுகூட ஆசையாக விசாரித்திருந்தார்.

விரிவுரை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். இறக்கி, வெட்டித் துண்டாக அனுப்ப விடாதீர்கள். இணைப்பை அனுப்பட்டும். ஏன் என்று சொல்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் சாமுராய்களின் சம்பளம் பற்றிய ஒரு மணிநேர விரிவுரையைக் கேட்டு, சீ.ஆர். கொப்பியில் தமிழில் 11 பக்கம் குறிப்பெடுத்தேன். அதைப் படமெடுத்து எங்கள் சொந்தக்காரர் குழுவில் போட்டேன். எட்டு மாதம் கழித்து அது என்னிடமே திரும்பி வந்தது. யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள். முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்த பேராசிரியரின் பெயர் இல்லை, பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை. கடைசியில், அவர் சொல்லவே சொல்லாத ஒரு வரி: சாமுராய் பணத்தைக் கையாலும் தொடமாட்டான் என்று. அந்த மனிதர் ஒரு மணிநேரமும் பேசியது கடனையும் அரிசி விலையையும் பற்றித்தான்! அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவர் பெயர் மட்டும் இருந்திருந்தால், சந்தேகம் வந்த ஒருவராவது விரிவுரைக்கே போய்க் கேட்டுச் சரிபார்த்திருப்பார்.

ஆகவே ஒவ்வொரு இணைப்போடும் பேசுகிறவர் யார், எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, எத்தனையாவது நிமிடத்தில் என்ன வருகிறது என்று நான்கு வரி தமிழில் எழுதச் சொல்லுங்கள். 200 பேரில் 10 பேர் எழுதினாலே உங்கள் குழு ஒரு நல்ல நூலகமாகிவிடும்.

கேள்வி: ஒரு விரிவுரையைக் கேட்டுவிட்டு என் மகள், “புஷிடோ எல்லாம் பிறகு எழுதினது அம்மா, வாளும் அவ்வளவு முக்கியமில்லை” என்கிறாள். சின்ன வயதிலிருந்து நான் நம்பியது பொய்யா?
– ஒரு தாய், தெஹிவளை

பதில்: மகள் சொல்வதுதான் சான்றுக்குக் கிட்டவாக இருக்கிறது. நானும் பல வருடம் வகுப்பில் வாளைப் பற்றியே சொன்னவள். அந்தப் பிள்ளைகளை எங்காவது கண்டால் திருத்திச் சொல்ல வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆரம்ப காலத்துச் சாமுராய் குதிரையில் ஏறி வில் எய்கிறவன். தங்கள் தொழிலை அவர்கள் ‘வில்லும் குதிரையும்’ என்றுதான் சொன்னார்கள். 14ஆம் நூற்றாண்டில் சண்டை முடிந்ததும், தனக்கு எங்கே என்ன காயம், அதைக் கண்ட சாட்சி யார் என்று எழுதித் தளபதியிடம் கையெழுத்து வாங்குவது வழக்கம். அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் வெகுமதி கேட்க முடியும். அப்படித் தப்பியிருக்கும் பத்திரங்களை எண்ணிப் பார்த்தால் காயங்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு அம்புக் காயம்.

மேலே சொன்ன சித்திரச் சுருளை மகளோடு சேர்ந்து பாருங்கள். அதைச் செய்வித்தவர் தகெசாகி சுஎனாகா என்ற சின்னச் சாமுராய். 1274இல் மொங்கோலியர் வந்தபோது தன்னோடு சேர்த்து ஐந்தே குதிரைவீரர்களாக முன்னால் பாய்ந்தார். அவருடைய குதிரை அம்புபட்டு இரத்தம் சிந்துவதும், தலைக்கு மேலே வெடிகுண்டு வெடிப்பதும் சுருளில் இருக்கிறது. வெகுமதி வரவில்லை. சும்மா இருந்தாரா? குதிரைகளையும் சேணங்களையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் சேர்த்து, அடுத்த வருடம் ஆட்சி நடந்த கமகுரா நகரம் வரைக்கும் போய் அதிகாரியிடம் நேரில் வாதாடினார். நிலத்து உரிமையும் வாங்கிக்கொண்டுதான் வந்தார். எஜமானுக்காக எதையும் எதிர்பாராமல் உயிரைக் கொடுக்கும் வீரன் என்று படங்கள் காட்டுவதைவிட இந்த மனிதரை எனக்கு நிறையப் பிடிக்கும். ஓய்வூதியக் கந்தோரில் வரிசையில் நின்றவர்களுக்கு அவரைப் புரியும்.

விசுவாசமும் அப்படித்தான். 1600இல் செகிகஹாராப் போரில் கொபயகாவா ஹிதேஅகி என்ற தளபதி சண்டையின் நடுவிலேயே பக்கம் மாறினார், போரின் முடிவும் மாறியது.

அப்புறம் தொகுகாவா குடும்பத்தின் ஆட்சியில் இரண்டரை நூற்றாண்டு அமைதி. சாமுராய்க்குச் சம்பளம் அரிசிக் கணக்கில். அந்த அளவின் பெயர் ‘கொகு’, ஒரு கொகு என்பது ஏறக்குறைய 150 கிலோ, ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அளவு. கீழ்மட்டச் சாமுராய்கள் பலர் அது போதாமல் வீட்டில் குடை செய்து விற்றார்கள். ‘ஹகாகுரே’ என்ற சாமுராய் நூலில் சாவைப் பற்றி அத்தனை சொன்ன யமமோட்டோ சுனெடோமோ பிறந்தது 1659இல். அவர் ஒரு போரையும் கண்டதில்லை. நிதோபே பிறந்தது 1862இல். வாள் அணியத் தடை வந்த 1876இல் அவருக்கு வயது 13. வெளிநாட்டவருக்குத் தன் நாட்டை விளங்கப்படுத்த ஆங்கிலத்தில் எழுதினார். அன்போடு எழுதிய புத்தகம், நீங்கள் வாசித்ததில் தவறேதும் இல்லை. 1900இல் ஒரு யப்பானியர் தன் முன்னோரை எப்படி நினைத்தார் என்பதற்கு அது நல்ல சான்று. 1300க்கு அதைச் சான்றாக எடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் ஓரளவுதான். விரிவுரையாளர்கள் வேகமாகப் பேசுகிறார்கள். எப்படித் தொடர்வது?
– ஒரு வாசகி, மட்டக்குளி

பதில்: யூடியூப்பில் வேகத்தை 0.75க்குக் குறையுங்கள். சப்டைட்டிலையும் போடுங்கள், ஆனால் அது யப்பானியப் பெயர்களைக் கண்டபடி எழுதும். அதனால் ஐந்து பெயரை முதலே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: மினமோட்டோ யொரிடோமோ 1192இல் ஷோகன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்), அஷிகாகா தகாஉஜி 1338இல் ஷோகன், ஓடா நொபுனாகா இறந்தது 1582, தொயொடோமி ஹிதெயொஷி இறந்தது 1598, தொகுகாவா இயேயசு 1603இல் ஷோகன். இந்த ஐந்தும் காதில் பழகினால் பாதி விரிவுரை தானாகவே விளங்கும்.

கேள்வி: எங்கள் சொந்த வரலாறே வாசிக்கப்படாமல் கிடக்கிறது. என் பேரன் இரவிரவாகச் சாமுராய் விரிவுரை கேட்கிறான். இது எங்களுக்கு எதற்கு?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது ஐயா. ஆனால் பேரனைத் தடுக்காதீர்கள். எடோ காலத்து, அதாவது தொகுகாவா ஆட்சிக் காலத்து, யப்பானில் ‘சந்தோமே’ என்று ஒரு துணி இருந்தது. கோடுபோட்ட பருத்தித் துணி. அந்தப் பெயர் மயிலாப்பூருக்குப் பக்கத்துச் சாந்தோமிலிருந்து போன பெயர். சோழமண்டலக் கரையில் எங்கள் ஆட்கள் நெய்த துணி ஒல்லாந்தக் கப்பலில் நாகசாக்கிக்குப் போனது. யப்பானியச் செம்பு இந்தப் பக்கம் வந்தது.

உங்கள் ஊர்ப் பக்கம் வுல்பெண்டால் தேவாலயம் இருக்கிறதே, அதை ஒல்லாந்தர் கட்டி முடித்தது 1757இல். அதே காலத்தில் அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்கள் நாகசாக்கித் துறைமுகத்தில் தெஜிமா என்ற சின்னத் தீவுக்குள், ஷோகனின் அதிகாரிகளுடைய காவலில் இருந்து வியாபாரம் செய்தார்கள். 1641இலிருந்து அவர்களுக்கு அங்கே இடம். நெய்தவர்களின் பெயர்கள் எங்களிடம் இல்லை. துணியின் பெயர் யப்பானில் தங்கிவிட்டது.

பேரனிடம் இந்தச் சந்தோமேயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அதைப் பற்றி நல்ல விரிவுரை ஏதும் அவன் கண்ணில் பட்டால், பேசியவரின் பெயரோடு எனக்கும் இணைப்பை அனுப்பச் சொல்லுங்கள்.