மெயிலோடு புதுக் கணினிக்கு மாறுகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கே: புதுக் கணினியில் போட விண்டோஸ் லைவ் மெயில் சிடி ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

ப: வேண்டாம். இலவசமாகக் கொடுத்த மென்பொருள் அது. மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு அதைக் கைகழுவிவிட்டது.

கே: பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். "மெயில் எல்லாம் சர்வரில் இருக்கும், தானாக வந்துவிடும்" என்றார் விற்றவர். பல வருட மெயிலில் கடைசி இரண்டு வாரம்தான் வந்திருக்கிறது.

ப: உங்கள் மேல் தப்பே இல்லை. உங்களுடையது பாப் கணக்கு, அதாவது மெயிலைச் சர்வரிலிருந்து (மெயில் நிறுவனத்தின் கணினி) உங்கள் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் முறை. அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளில் பாப் கணக்கு போட்டால், '14 நாளுக்குப் பிறகு சர்வரிலிருந்து நீக்கு' என்ற டிக் தானாகவே விழுந்திருக்கும். மற்றதெல்லாம் பழைய கணினியில் மட்டுமே இருந்தது. இன்றே கடைக்கு ஓடுங்கள். ஃபார்மேட் செய்யாமல் வைத்திருந்தால் டாக்குமென்ட்ஸ் உள்ளே 'அவுட்லுக் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் மெயில் எல்லாம் சேர்ந்த பிஎஸ்டி கோப்பு இருக்கும். குவிக் ஃபார்மேட் மட்டும் ஆகி, மேலே வேறெதுவும் எழுதாமல் இருந்தால், ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்க வழியுண்டு. எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் புதுவகை டிஸ்க்) என்றால் கஷ்டம்தான்.

இதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. பழையதை வாங்கி வைத்துக்கொள்கிறவர் 'பாப்' முறையா, 'ஐமேப்' முறையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஐமேப் என்றால் மெயில் சர்வரிலேயே இருக்கும். அவர் சொன்னது சரியாகியிருக்கும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி ஒருவருடைய பல வருடக் கடிதங்களை அழிய விடுவது வியாபாரமே இல்லை. வாங்குகிறவர்களும் ஒன்று செய்யுங்கள்: புதுக் கணினியில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, ரொம்பப் பழைய மெயில் ஒன்றை அட்டாச்மென்ட்டோடு திறந்து பாருங்கள். திறந்த பிறகு பழையதைக் கொடுங்கள்.

கே: ஐமேப் கணக்கின் ஓஎஸ்டி கோப்பை (அவுட்லுக் மெயிலைச் சேமிக்கும் கோப்பு) பென் டிரைவில் கொண்டுவந்தேன். திறக்கவில்லை. மாற்றித்தரும் மென்பொருள் வாங்கலாமா?

ப: காசைக் கரியாக்காதீர்கள். அது சர்வரின் நகல்; புதுக் கணினியில் கணக்கைச் சேர்த்தால் மெயில் தானே இறங்கும். ஆனால் 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்று போட்டிருக்கும் காண்டாக்ட்ஸ் ஃபோல்டர் இறங்காது. அதைப் பழைய கணினியிலேயே பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்யுங்கள். இப்படி ஒரு மென்பொருளை நானும் வாங்கினேன். சோதனைப் பதிப்பில் எல்லாமே பட்டியலில் தெரிந்தது. பணம் கட்டியபின் பெயர்கள் வந்தன, தொலைபேசி எண்கள் வரவில்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை.

கே: சிஎஸ்வியாக (கமா போட்டுப் பிரித்த எழுத்துக் கோப்பு) கொண்டுவந்த முகவரிப் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி.

ப: அந்தக் கோப்பில் இனி ஒன்றும் மிச்சமில்லை. பழையதிலிருந்து யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தையும் தாங்கும் குறியீட்டு முறை) சிஎஸ்வியாகவோ விகார்டாகவோ (முகவரி அட்டைக் கோப்பு) மறுபடி எடுங்கள். நடுவில் எக்செல்லில் திறந்து சேமிக்க வேண்டாம். எண்களின் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும்.

கே: புதுசு வாங்கி ஒரு மாதம் ஆகிறது. தண்டர்பேர்ட் என்ற மென்பொருளில் இருக்கும் மெயிலை இன்னும் எடுக்கவில்லை, பாஸ்வேர்டும் மறந்துவிட்டது. பழையதை நாளை எடைக்குப் போடுகிறேன். பரவாயில்லையா?

ப: ஒரு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நாளை போடாதீர்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு புரொஃபைல் ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்யுங்கள். மெயில், முகவரி, சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் அதற்குள் இருக்கும். எல்லாம் திறக்கிறதா என்று பார்த்தபின், பழைய டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுப் போடுங்கள். வெறும் டெலிட் போதாது.